ஒன்பதடிச் சந்து

மே 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கழுத்து வலிக்கு நீங்கள் அனுப்பிய தலையணையில் இப்போது பூனைதான் சுகமாகத் தூங்குகிறது.

உங்கள் அலுவலகம் வெளியிட்ட 'கடலோரக் கிராமத் தோற்றப் பாதுகாப்பு வழிகாட்டி' வந்து சேர்ந்தது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் பள்ளிக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினேன். அறுபத்திரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். கூரை தாழ்ந்தே இருக்க வேண்டும், கடலை மறைக்கும் விளம்பரப் பலகை கூடாது என்பதெல்லாம் மிகச் சரி.

ஆனால் பதினான்காம் பக்கத்தில் ஒரு பிழை. நம் வீட்டை ஒட்டிய சந்தின் படத்துக்குக் கீழே, 'பயனற்ற இடைவெளி. வீட்டு வரிசையின் அழகைக் குலைக்கிறது. சுவரால் அடைத்துப் பூந்தொட்டிகள் வைக்கலாம்' என்று இருக்கிறது. முதல் மாதிரிச் சுவரே இங்குதான் என்று பின்னிணைப்பு சொல்கிறது.

சந்தின் அகலத்தை அளந்தேன்: ஒன்பது அடி. நம் படகின் அகலம் ஆறு அடி. பக்கத்துக்கு ஒன்றரை அடி, அதாவது ஓர் ஆள் நின்று தள்ளும் இடம். கடல் பொங்கினால் பதினொரு படகுகளும் மேட்டுக்கு ஏறுவது இந்த வழியாகத்தான். மற்றச் சந்துகளில் படிக்கட்டு. படத்தில் நிழல் விழும் விதத்தைப் பார்த்தால் காலை பத்து மணி இருக்கும். கடல் அமைதியான நாட்களில் அப்போது எல்லாப் படகும் கடலில். அதனால்தான் காலியாகத் தெரிகிறது.

அப்பாவிடம் காட்டினேன். "பொறந்து வளர்ந்த சந்து அவனுக்கே அடையாளம் தெரியலையா? கண்ணாடிய மாத்தச் சொல்லு" என்றார். சீக்கிரம் திருத்திவிடுங்கள்.

உங்கள் அன்பு அண்ணன் மகள்

மே 12

பிழை திருத்தும் என் அன்பு டீச்சரம்மாவுக்கு,

நிழலை வைத்து மணி சொல்கிறாயே, என் அலுவலகத்தில்கூட அப்படி ஒருவரும் இல்லை! பெருமையாக இருக்கிறது.

ஆனால் கண்ணு, வழிகாட்டி அச்சாகி, மேலிடம் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஒரு சந்துக்காக அதை மாற்ற முடியாது. ஆட்சேபணை என்றால் வீட்டின் உரிமையாளர்தான் எழுத வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதினால் கோப்பில் ஏறாது. நீ தேர்வுக்குப் படி. புதிய அகராதி ஒன்று அனுப்புகிறேன்.

அன்புடன்
சித்தப்பா

மே 17

மதிப்பிற்குரிய திட்ட அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: பக்கம் 14 குறித்த ஆட்சேபணை.

வீட்டு உரிமையாளர் என் அம்மா. கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. சந்தின் அளவு, படகின் அளவு, வரைபடம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதினொரு படகுக்காரர்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என்ஜின் பழுதுபார்க்கும் மாமா மட்டும், "பூந்தொட்டிய எங்க வேணா வைக்கட்டும், படகு ஏறி ஒடஞ்சா எங்கிட்ட கொண்டு வரக்கூடாது" என்று சேர்த்து எழுதச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.

கோப்பில் ஏற்றவும்.

இப்படிக்கு
ஆட்சேபணையாளரின் மகள்

பி.கு.: அகராதி வந்தது. 'பயன்' என்ற சொல்லுக்கு அதில் ஒன்பது பொருள் இருக்கிறது. பூந்தொட்டி எதிலும் இல்லை.

மே 25

டீச்சரம்மாவுக்கு,

உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. படம் எடுத்தது வேறொருவர். மேசையில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடந்தன. எந்த ஊர் என்று பார்க்காமலே நான் குறிப்பு எழுதிக்கொண்டே போனேன். அச்சான பிறகுதான் நம் வீட்டு ஜன்னலைக் கவனித்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொன்னால் புத்தகம் முழுவதையும் சந்தேகப்படுவார்கள்.

ஜூன் 2 அன்று சுவருக்கு ஆட்கள் வருகிறார்கள். நானும் வர வேண்டியிருக்கும். அண்ணனிடம் சொல், பிடிவாதம் வேண்டாம். ஊரின் அழகைக் காப்பாற்றத்தானே இதெல்லாம்?

சித்தப்பா

மே 30

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி. அதனால்தான் பழையபடி 'அன்புள்ள' என்று தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நீங்கள் கோபப்படலாம். அப்பா பதினான்காம் பக்கத்தைப் புரட்டி மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து, "காலியா இருக்குன்னுதானே எழுதினான்? காலியா இல்லாம ஆக்கிடுவோம்" என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு மூன்று படகுகளைச் சந்துக்குள் ஏற்றினோம். ஒன்றன்பின் ஒன்றாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அவற்றின் ஆட்கள் மற்ற எட்டுப் படகுகளில் முறைவைத்துக் கடலுக்குப் போவார்கள். அம்மாவும் தள்ளினாள். "கழுத்து வலின்னியே?" என்று கேட்டேன். "தள்றது தோளுடி, கழுத்தில்ல" என்றாள். வழிகாட்டி திருந்தும்வரை படகுகள் இறங்காது; கடல் பொங்கினால் மேட்டுக்குத்தான் ஏறும்.

முன்னால் நிற்பது நம் படகு. ஏற்றும்போது அது இடதுபக்கம் இழுத்துக்கொண்டே போய்ச் சுவரில் உரசியது. பின்பக்கத்து இடது மூலையில் தள்ள ஆள் இல்லை. அது சின்ன வயதில் உங்கள் இடமாம். அப்பா வேறு யாரையும் அங்கே நிறுத்தவில்லை.

ஜூன் 2 அன்று வாருங்கள். கொத்தனார்களோடு வந்தால் சந்துக்கு வெளியே நிற்கலாம். எங்களோடு என்றால் அந்த மூலைக்கு வரலாம். இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது, சித்தப்பா. அளந்து பார்த்துவிட்டேன். நடுவில் படகு இருக்கிறது.

உங்கள் அண்ணன் மகள்