கூடுதலாக விழுந்த துண்டு

பாப்பா,

இன்று காலை லெபோ பசார் தெருவில் என் தையல் கடையில் ஓர் அக்கா புது ரவிக்கையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கைப்பேசி அடித்தது. "பை ரொம்ப வசதிலா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மிஷினில் உட்கார்ந்தால் நூல் கோக்க முடியவில்லை.

அந்தப் பை வந்த கதை உனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் கல்யாண ரவிக்கையை, துணி மடிந்திருந்ததைக் கவனிக்காமல் அவசரத்தில் வெட்டியதில், ஒரு பக்கத்துக்கு உள்துணி இரண்டு துண்டு விழுந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே தைத்திருக்கிறேன். கூடுதல் துண்டுக்குக் கழுத்தோரத்தில் தையலும் விட்டுப்போயிருந்தது. பிரிக்க நேரமில்லை, கொடுத்துவிட்டேன். மறுவாரம் அந்தப் பெண் வந்து, அந்தத் திறப்பு கைப்பேசி வைக்கப் பையாக உதவுகிறது என்று அதே மாதிரி இன்னொன்று கேட்டாள்.

நீ பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு வந்து, சாப்பாட்டிலும் அதையே பேசுவாய். உடம்புக்குள் மரபணுவில் எழுதியிருப்பதைப் படியெடுக்கும்போது பிழை விழும், அதிலிருந்தும் புதியது வரும் என்பாய். நான் விடமாட்டேன். "தப்பு கெடுக்கும்டி. புதுசா ஒண்ண எப்படிக் கொடுக்கும்? நான் பிரிச்ச தையல் எத்தன தெரியுமா?"

நான் தைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டாவது ரவிக்கையைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு எழுந்து வந்தாய்.

"இதான்க்கா. மரபணுவும் சில நேரம் இப்படித்தான் ரெண்டா விழும். மொத துண்டு அதோட வேலைய பாக்குது. கூட விழுந்தது சும்மா கெடந்துச்சு. அதுல இன்னொரு தப்பு, பை ஆயிருச்சு. முன்ன இல்லாத ஒண்ணுதானே?"

"அப்ப நான் பிரிச்சதெல்லாம்?"

"முக்காவாசி பிரிக்க வேண்டியதுதான். எப்பவாவது ஒண்ணு நிக்கும்."

மறுநாள் உனக்கு அந்தப் பாடம். "நீயே வந்து காட்டுக்கா, பிள்ளைங்களுக்குச் சட்டுனு புரியும்" என்றாய். ஆறாம் ஆண்டுப் படிப்போடு பள்ளியை விட்டு நின்றவள் நான். கூச்சமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "என் தப்ப ஊருக்கே காட்டணுமா? டீச்சர்னா உன்னோட வெச்சிக்க" என்று கத்தி, ரவிக்கையைப் பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். "சரிக்கா" என்று கை கழுவப் போனாய்.

நீ சொன்னது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த வருடமே காய்ச்சலில் படுத்தவள் நீ எழவில்லை.

இப்போது எந்த ரவிக்கைக்கும் அந்த இரண்டாவது துண்டையும் சேர்த்தே வெட்டுகிறேன். பக்கத்துக் கடைகளிலும் பார்த்துத் தைக்கிறார்கள். கேட்பவர்களிடம், என் தங்கச்சி கண்டுபிடித்தது என்கிறேன்.

அன்று வெறும் கையோடு வகுப்புக்குப் போய், என்ன சொல்லிச் சமாளித்தாய் பாப்பா?