கிரேன் மாலை

பங்குனி 4, வெள்ளி
காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. குளிர் அறை நிறையச் சிவப்பு ரோஜா. சென்னப்பா அண்ணனுக்குக் கிரேன் மாலை. வேட்பாளர் பட்டியல் இன்னும் வரவில்லை. சீட் அவருக்குத்தான் என்று கட்சியில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு முறை எம்.எல்.ஏ. ஆறு முறையும் மாலை என்னுடையது. முதல் முறை கிரேன் ஏது? லாரி மேல் ஏறி நானே போட்டேன். அப்போது கூடையில் பூ விற்றுக்கொண்டிருந்தேன்.
வாங்க: நார், மூங்கில், பிரஷர் மாத்திரை.

5, சனி
சாயங்காலம் பட்டியல். அண்ணன் பெயர் இல்லை. கிரானைட் முரளிக்கு சீட். நேற்றுவரை அண்ணனுக்குக் கார் கதவு திறந்துவிட்டவன்.
களி தின்றேன். ருசி தெரியவில்லை.
"அவரு வூட்டுக்குப் போயிட்டு வரலையா?" என்றாள் மனைவி.
"போயி இன்னா பேசறது?"

6, ஞாயிறு
முரளி ஆட்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். "மால ரெடியாத்தான இருக்குது? ரிப்பன்ல பேர மட்டும் மாத்திடுங்கண்ணே." சரி என்றேன். பூ இன்னொரு நாள்தான் தாங்கும்.
அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.
"குடுத்துடு ராமு. பூ இன்னா பண்ணுச்சு? நானும் மேடைக்கு வர்றேன். வரலன்னா கோவம்னு பேசுவானுங்கோ."
அஞ்செட்டி மலை ஊர்களுக்கு பஸ் கேட்டு சட்டசபையில் வருஷக்கணக்கில் கத்தி, விட வைத்தவர். கன்னடக்காரனிடம் கன்னடம், தெலுங்குக்காரனிடம் தெலுங்கு. அந்தப் பக்கத்துப் பெண்கள் இன்றைக்கும் அதைச் சென்னப்பா பஸ் என்றுதான் சொல்கிறார்கள்.
அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ரிப்பன் மாற்றியாச்சு.

7, திங்கள்
பஸ் ஸ்டாண்ட் எதிரில் மேடை. தாரை, தப்பட்டை, பட்டாசு. கிரேன் டிரைவர் மாதேஷ் எப்போதும் என் கையைப் பார்த்துத்தான் இறக்குவான். முரளி நடுவில், அண்ணன் பக்கத்தில். மாலை தலைக்கு மேல் வந்து நின்றது.
அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஓர் அடி முன்னால் வந்து தலை குனிந்தார்.
பழக்கம். வேறொன்றுமில்லை.
"யோவ் பெருசு, அது உனக்கில்ல!" கூட்டத்தில் எவனோ. சிரிப்பு. பட்டாசுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குனிந்தபடியே நிற்கிறார். முரளி என்னைப் பார்க்கிறான், வாயில் சிரிப்பு, கண்ணில் இல்லை.
"ராமண்ணா, ஏன் மாட்லி?" மேலிருந்து மாதேஷ். என்ன செய்யட்டும் என்கிறான்.
கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவான். தூக்கவில்லை. இறக்கு என்று காட்டினேன்.
முரளி பெயர் போட்ட மாலை. அண்ணன் கழுத்தில்.

8, செவ்வாய்
பனி. முரளி ஆள் போனில், இனி பிரச்சாரம் முடியும்வரை உன் பூ வேண்டாம் என்றான். தெரிந்ததுதான்.
மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார். "மால இந்த தபா கனம் ஜாஸ்தி ராமு."
"ஆமாண்ணா."
குளிர் அறையைக் கழுவி அணைத்துவிட்டேன்.