சிவப்பு மறையும் வரை ஓட்டு

மார்ச் 3, செவ்வாய்

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. மௌஸைத் தொடவே வேண்டாம். கட்டளைகளை எழுதி வைத்தால் சிமுலேஷன் மென்பொருள் தானே மாடலைத் திறந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, எடை ஏற்றிப் பார்க்கும். பிறகு கட்டத்தைப் பொடியாக்கி மறுபடி. விடை மாறாமல் நிற்கும்வரை. நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்கும் நாற்காலி இது. அதைத் தாங்கும் இரும்புக் கை வளைகிற மூலையில் ஒரே சிவப்பு, அழுத்தம் வரம்பு மீறுகிறது. ஒடியும். மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். படத்தில் சிவப்பைக் கண்டாலே அவருக்கு ஆகாது, பச்சைதான் வேண்டும். எங்களுக்குள் அவர் பெயரே பச்சை.

மார்ச் 5, வியாழன்

சீ! என் ஸ்கிரிப்டையே பச்சை தலைகீழாக்கிவிட்டார். பொடியாக்கு என்ற இடத்தில் பெரிதாக்கு. 'அழுத்தம் வரம்புக்குள் வந்ததும் நிறுத்து' என்று ஒரு கட்டளை வேறு. கட்டம் பெரிதானால் மூலையில் குவிந்த அழுத்தம் சராசரியில் கரைந்துபோகும். இரும்பு அதே இரும்புதான். படம் மட்டும் பச்சை.

"சார், இது பாஸ் ஆகல. பாஸ் ஆகுற வரைக்கும் தேடியிருக்கீங்க."

"சாஃப்ட்வேர்தானம்மா சொல்லுது, நானா சொல்றேன்?"

வாய் கூசவில்லை மனுஷனுக்கு.

மார்ச் 6, வெள்ளி

ரிப்போர்ட்டில் 'செய்தவர்' என்று என் பெயர்! வீட்டில் சொன்னால், "எல்லா ஆபீஸ்லயும் நடக்குறதுதானே, விடேன்" என்கிறார் இவர். இவருமா? சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பெயரை எடுக்கச் சொன்னேன். "உங்களுக்கு டீம் ஸ்பிரிட்டே இல்லம்மா." தூ.

மார்ச் 12, வியாழன்

நாற்காலி வாங்கப்போகும் மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் வந்திருந்தார். பச்சை தன் படத்தைச் சுவரில் காட்டிப் பேசித் தீர்த்தார். அந்த அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. மாதிரி நாற்காலியைத் தட்டி, "யாராவது உட்காருங்க, தூக்கிப் பார்ப்போம்" என்றார்.

பச்சை நெளிந்தார். "எனக்கு முதுகு வலி மேடம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க உட்காருங்கம்மா, வெயிட் கம்மிதானே."

தெரிந்தே சொல்கிறார்! இந்த ஆளோடா இத்தனை நாள் ஒரே மேஜையில் டீ குடித்தேன்?

"நான் உட்கார மாட்டேன்" என்றேன், சத்தமாகவே.

"ஏம்மா?" என்றார் நர்ஸ். ஒன்று விடாமல் சொன்னேன்.

மார்ச் 13, வெள்ளி

ஆர்டர் நின்றுவிட்டது. யாரும் என்னோடு பேசவில்லை. போகட்டும்.

மார்ச் 24, செவ்வாய்

நாற்காலியின் இரும்புக் கையைத் தடிமனாக்கியாயிற்று. என் பழைய ஸ்கிரிப்டையே ஓட்டினேன். எவ்வளவு பொடியாக்கினாலும் சிவப்பு இல்லை, தாங்கும். மறுபடி ஆர்டர் தர நர்ஸ் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: ரிப்போர்ட்டில் பெயர் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து காட்ட வேண்டும். நான் கையெழுத்துப் போட்டு பச்சைக்கு அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இருந்த தன் பெயரை எடுத்துவிட்டார்.