காற்று நின்ற நேரம்

போர்ட் எலிசபெத்,
ஆகஸ்ட் 26, திங்கள்.

அன்புள்ள ட்லோமோ,

உங்கள் அம்மாவும் நானும் நலம். முதலில் இதைப் படித்துவிடுங்கள், மற்றதைப் பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை தொலைபேசியில் பேசியதில் பாதிகூட உங்களுக்குக் கேட்டிருக்காது. உங்கள் தீவின் காற்று இரைச்சலுக்கு நடுவே "என்ன தீ, எங்க தீ" என்று நீங்கள் கத்தினீர்கள், அதோடு இணைப்பு போய்விட்டது. இரண்டு நாளாக அந்த வானிலை நிலையத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். மன்னியுங்கள்.

எரிந்தது அம்மாவின் தெருவுக்கு வடக்கே இருக்கும் மெத்தைத் தொழிற்சாலை. சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே மலைப்பக்கமிருந்து அந்தச் சூடான வடக்குக் காற்று. ஆகஸ்ட் குளிரில் வியர்த்துக் கொட்டியது. பத்தரை மணிக்கு அழைப்பு வந்தது. அன்று தீயணைப்பு நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. நாங்கள் போய் இறங்கியபோது பின்பக்கக் கிடங்கில் மட்டும்தான் தீ. தொழிலாளர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், இரண்டு முறை எண்ணிப் பார்த்தோம்.

ஆனால் சரக்கைக் காப்பாற்றலாம் என்று யாரோ வடக்குப் பக்கத்துப் பெரிய ஷட்டரை முழுவதுமாகத் தூக்கிவிட்டிருந்தார்கள். கால்பந்து மைதானம் அளவு கட்டடம். அதற்குள் அவ்வளவு காற்றும் புகுந்ததும், எங்கோ மூலையில் இருந்த தீ கூரை வரை எழுந்து நின்றது. தெற்குப் பக்கத்துத் தகடுகள் பிய்ந்து பறந்தன. "முதல்ல கதவை மூடுங்க, தண்ணி அப்புறம்" என்றேன். நான்கு பேர் தொங்கித்தான் ஷட்டரை இறக்க முடிந்தது. பிறகு தீ கொஞ்சம் தணிந்தது. வடக்குச் சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தண்ணீர் அடிக்க ஆரம்பித்தோம்.

அதற்குள் இரண்டாவது வண்டி வந்தது. எரியும் மெத்தைத் துண்டுகள் தெற்கே வீடுகள் மேல் விழுந்துகொண்டிருந்தன. தெருக்கள் இரண்டு, வண்டி ஒன்று. அனுப்ப வேண்டியவள் நான். அம்மாவின் தெருவைச் சொன்னேன். எங்கள் வண்டி ஓட்டும் டெனோவனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாமியார் தெருவாக்கா?" என்று கேட்டுவிட்டான். "புகை எந்தப் பக்கம் போகுதுன்னு நீயே பாரு" என்றேன். புகை அந்தப் பக்கம்தான் போனது. அப்படித்தான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்குக் காற்று சட்டென்று நின்றுவிட்டது. புகை நேராக மேலே போனது. பையன்கள் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். "இனி நம்ம கைதான்க்கா, அரை மணி நேரத்துல அணைச்சிடலாம்" என்றான் டெனோவன். நான் மட்டும் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வடக்குக் காற்று இப்படித் திடீரென்று செத்தால் தென்மேற்குக் காற்று வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். நம் கல்யாணத்துக்கு முன்பு கடற்கரையில் வேறு எதுவும் பேசத் தெரியாமல் நீங்கள் இதையேதான் மூன்று ஞாயிற்றுக்கிழமை விளக்கினீர்கள்.

குழாயைப் பிடுங்கி வண்டியை மேற்குப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். வழியில் வந்துகொண்டிருந்த தலைமை அதிகாரி ஒயர்லெஸ்ஸில் பொரிந்து தள்ளினார். "ஜெயிக்கிற நேரத்துல யாரும்மா இடத்தை விட்டு வருவாங்க?" என்றார். "வந்து திட்டுங்க சார், இப்ப வண்டியை நகர்த்துறேன்" என்றேன். கடைசி ஆளை வெளியே இழுத்து எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கடல் பக்கமிருந்து காற்று வந்து அறைந்தது. மூடிய ஷட்டர் வெளிப்பக்கமாக வெடித்து, எங்கள் வண்டி நின்றிருந்த இடத்தில் நெருப்பு தரையோடு தரையாகப் படுத்து ஓடியது. டெனோவன் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். அதிகாரி வந்தார், கருகிய தரையைப் பார்த்தார், என்னிடம் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி உங்கள் அம்மாவின் கதை. இரண்டாவது வண்டி போனபோது அவர் பக்கத்து வீட்டுத் தகரக் கூரை மேல், ஈரக் கம்பளியோடு நின்றிருக்கிறார். அறுபத்து நான்கு வயதில். இறங்கச் சொன்ன பையனிடம், "என்னை இறக்கத்தான் என் மருமக உன்னை அனுப்பினாளா? குழாயை இந்தப் பக்கம் திருப்பு" என்றாராம். ஆம்பிளை வேலை, ஆம்பிளை வேலை என்று ஏழு வருடம் என்னைக் குத்திக்காட்டியவர். இப்போது தெரு முழுக்க, "நம்ம ஸோலேகா அனுப்பின வண்டி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முழங்கையில் மட்டும் சிறிய தீக்காயம், மருந்து போட்டாயிற்று.

வண்டி போகாத தெருவில் ஒரு வீடு எரிந்துவிட்டது. தையல்காரி ஃபெஸிவேயின் வீடு. அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தையல் மெஷின் போய்விட்டது. அன்று மாலையே அம்மா அவர்களை அழைத்துவந்து உங்கள் பழைய அறையைக் கொடுத்துவிட்டார். நேற்று நான் போனபோது வீடெல்லாம் ஒரே பேச்சும் சத்தமும். ஃபெஸிவே எனக்கும் ஒரு தட்டு சோளமும் பீன்ஸும் போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "வண்டி ஒண்ணுதானேக்கா இருந்துச்சு" என்று அவளே சொன்னாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை காலை நம் ஊரில் அடித்த காற்றின் கணக்கு உங்களுக்கு அங்கே கிடைக்கும். பதினொன்று முதல் பன்னிரண்டு வரை பார்த்துச் சொல்லுங்கள், நெருப்பு அதிகம் விழ வேண்டியது அம்மாவின் தெருவிலா, ஃபெஸிவேயின் தெருவிலா? எனக்காக எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். தப்பு என்றால் தப்பு என்றே எழுதுங்கள், அடுத்த முறை எனக்கு உதவும். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஏப்ரலில் கப்பலில் வந்து இறங்கியதும் வழக்கம்போல முதலில் அம்மா வீட்டுக்குப் போய்ப் படுக்க உங்களுக்கு இனி அறை இல்லை. நேராக இங்கே வாருங்கள். கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

காலுறை ஈரமாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கடவுள் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்,
ஸோலேகா