ஐந்தாம் குழலின் உப்பு

நாள் 341. காலை 06.15

செவ்வாய்க் கோள், வடசரிவு நீர் நிலையம். பொறுப்பு: ஜெனோவா, ஆர்.ஓ. பொறியாளர். ஆள் நான் ஒருத்திதான்.

உவர்நீர் அழுத்தம் 54 பார். அதை வடிகட்டும் எட்டு சவ்வுக் குழல்களும் ஓடுகின்றன. நல்ல தண்ணீர் குழாய் வழியாகக் குடியிருப்புக்குப் போகிறது. அதில் மிஞ்சிய உப்பு அனுமதித்த அளவுக்குள். இந்தக் கடைசி எண்ணைச் சொல்வது உப்புமானி அல்ல, கணினி மாடல். உப்புமானி சும்மா சும்மா அலாரம் அடித்து ஆலையை நிறுத்துகிறதாம். அதைத் துண்டித்துவிட்டு, உப்பு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலையை மாடலிடம் கொடுத்திருக்கிறார்கள். அலாரம் அடித்தால் அலாரத்தை அணைப்பது, தொலைவிலிருந்து ஆலையை ஓட்டும் எங்கள் கட்டுப்பாட்டறையின் வழக்கம்.

நாள் 343. பிற்பகல் 14.40

உற்பத்தி ஒன்பது சதவீதம் கூடியிருக்கிறது. அழுத்தம் அதே 54. பழைய சவ்வுகள் தண்ணீரைக் குறைத்துத் தரும், கூட்டித் தராது. சந்தேகப்பட்டுக் கைமானியில் சோதித்தேன். உப்பு, அனுமதித்த அளவைப் போல ஆறு மடங்கு.

இந்த மண்ணின் உப்பு சமையல் உப்பு அல்ல. பெர்குளோரேட். தைராய்டைக் கெடுக்கும். பெரியவர்கள் கொஞ்ச காலம் தாங்குவார்கள். குடியிருப்பில் என் தம்பி பிரிட்டோவின் மகள் இருக்கிறாள். மூன்று மாதக் குழந்தை, புட்டிப்பால். பால்மாவைக் கரைப்பது இந்தத் தண்ணீரில்தான்.

கட்டுப்பாட்டறைத் தலைவர் இளவழகனுக்குச் சொன்னேன். பதில்: "மேடம், உங்க மீட்டர் பழசு. மாடல் தொண்ணூத்தொம்பது சதவீதம் கரெக்டா இருக்கு. ப்ரொடக்‌ஷன் வேற ரெக்கார்டு. நீங்க எதையும் தொடாம இருங்க, அதுவே பெரிய உதவி."

நாள் 344. காலை 09.05

ஒவ்வொரு குழலாகச் சோதித்தேன். ஐந்தாவதில் கோளாறு. இரண்டு சவ்வுகளை இணைக்கும் ரப்பர் வளையம் கிழிந்திருக்க வேண்டும். உவர்நீர் நேராக நல்ல தண்ணீரில் கலக்கிறது. கூடுதலாக வந்த ஒன்பது சதவீதம் அதுதான். ஓட்டையைப் பார்த்துவிட்டு, சவ்வு பிரமாதமாக வேலை செய்கிறது என்று மாடல் மெச்சிக்கொள்கிறது.

மாடலுக்கு வாரந்தோறும் பழைய அளவுகளைக் கொடுத்துப் புதிதாகப் பழக்குகிறார்கள். உப்புமானியைத் துண்டித்த பிறகு அந்தப் பழைய அளவுகளை எழுதியது யார்? அதே மாடல். தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தனக்கே முதல் பரிசு கொடுத்துக்கொள்கிறது. இதற்குக் கட்டுப்பாட்டறையில் பட்டம் வாங்கிய ஒன்பது பேர் கைதட்டுகிறார்கள். 

வளையத்தை மாற்ற ஆறு மணி நேரம் ஆலையை நிறுத்தக் கேட்டேன். மறுத்துவிட்டார்கள்.

நாள் 345. காலை 10.20

பிரிட்டோவின் செய்தி: "யக்கா, பாப்பா சரியா பால் குடிக்க மாட்டேங்கா. எந்நேரமும் தூங்கிக்கிட்டே கெடக்கா. டாக்டரு தண்ணி கொஞ்சம் சேத்துக் குடுக்கச் சொல்லுதாரு. நீ அனுப்புத தண்ணிதான, தைரியமா குடுக்கேன்."

அந்தத் தண்ணீரைக் கொடுக்காதே என்று உடனே பதில் அனுப்பினேன். கட்டுப்பாட்டறை திருப்பி அனுப்பியது. 'பீதி பரப்பும் செய்தி. தடுக்கப்பட்டது.' அவன் பேசுவது எனக்கு வரும். நான் பேசுவது அவனுக்குப் போகாது.

நாள் 345. காலை 11.30

அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினேன். பம்பு நின்றது. நாலே நிமிடத்தில் கட்டுப்பாட்டறையிலிருந்து மறுபடி ஓடவிட்டார்கள். மறுபடி அழுத்தினேன். மறுபடி ஓடியது. மூன்றாம் முறை என் பொத்தான் பலகையையே பூட்டிவிட்டார்கள்.

இளவழகன்: "நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம். தனியா இருந்து இருந்து ஸ்ட்ரெஸ் ஆயிருக்கீங்க."

உன் வீட்டில் குழந்தை இல்லையா, பாவி?

நாள் 345. மாலை 16.45

வெளியே போய்க் குடியிருப்புக் குழாயை அறுத்துவிட்டேன். ரம்பத்தால், முழுசாக. அரசுச் சொத்தை நாசம் செய்தவள் ஜெனோவா. கையெழுத்தும் போடுகிறேன்.

நாள் 346. காலை 07.00

அறுத்த வாயிலிருந்து பீறிட்ட தண்ணீர் மின்கலப் பெட்டிக்குள் புகுந்து உறைந்துவிட்டது. அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. சூடேற்றி போய்விட்டது. உள்ளே மைனஸ் 9. வானொலிக்கும் இந்தக் குறிப்புக்கும் மட்டும் சின்ன மின்கலம் இருக்கிறது. இங்கிருந்து போக வண்டியும் இல்லை, அது குடியிருப்பில்.

பிரிட்டோ: "யக்கா, குழாயில பொட்டுத் தண்ணி வரல. கண்ட்ரோல் ரூமுல கேட்டா, போர்டுல வருதுன்னு காட்டுதாம், டேப்ப நல்லாத் தொறந்து பாருங்கன்னு சொல்லுதானுவ. ஜனங்க எல்லாம் சேந்து பழைய ஐஸ் கிடங்கு பூட்ட ஒடைச்சிட்டோம். பாப்பாவுக்கு இனிமே அதுதான்."

அது ஆர்.ஓ. வருவதற்கு முன்பு காய்ச்சி வடித்து உறையவைத்த தண்ணீர். சுத்தம். உட்கார்ந்து அழுதேன்.

நாள் 347. காலை 08.10

பிரிட்டோ: "பாப்பா கண்ணு முழிச்சி ஒரு புட்டி பாலும் குடிச்சிட்டா யக்கா."

மைனஸ் 24. மீட்பு வண்டி கேட்டேன்.

நாள் 347. காலை 09.30

இளவழகன்: "மேடம், உங்க ஸ்டேஷன்ல டெம்பரேச்சர் இருபத்திரண்டு, ஆக்சிஜன் நார்மல், ஆளும் நல்லா இருக்கார்னு மாடல் காட்டுது. பயப்படாம தூங்குங்க."

என் உணரிகளும் செத்துவிட்டன. அந்த இடத்தையும் அதுவே நிரப்பிக்கொள்கிறது. எட்டு முறை கூப்பிட்டேன். எட்டு முறையும் இருபத்திரண்டு.

நாள் 347. நேரம் தெரியவில்லை

விரல் மடங்கவில்லை. வாயால் சொல்லி எழுதவைக்கிறேன்.

இதைப் படிப்பவர் யாரானாலும் சரி. நான் செத்த பிறகும் கட்டுப்பாட்டறையின் அந்தப் பலகையில் நான் நலமாக இருப்பேன். தினமும் இருபத்திரண்டு டிகிரியில் இருப்பேன். பிரிட்டோ அதைப் பார்த்துவிட்டு, அக்கா நல்லா இருக்கா என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான். அவனைப் போகவிடாதீர்கள். அந்தப் பலகையை அவன் கண்ணெதிரே உடையுங்கள். உடைத்துவிட்டு, உன் அக்கா அங்கே