மருந்துத் தகரம் கழுவிய ஓடை

08.08.1961, செவ்வாய். ராகலை.

எம்.எஸ்ஸி. ஆய்வுக்காக நான் எழுதிய அறிக்கையில் ஒரேயொரு வரி. தேயிலைக்கு மருந்தடிப்பவர்கள் தகரங்களை ஓடையில் கழுவுகிறார்கள், அதில் கலந்த செம்புதான் டிரவுட் மீன்களைக் கொன்றது என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் மெச்சினார். மெச்சியதோடு விடாமல் ஒரு பிரதியைத் தோட்டத்துத் துரைக்கும் அனுப்பிவிட்டார். துரை ஞாயிறுதோறும் அந்த ஓடையில் தூண்டில் போடுகிறவர்.

இன்று காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில், மருந்தடிக்கும் ஆறு பேருக்கும் இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் என் அண்ணனும் ஒருவர். தகரம் கழுவக் குழாய் கேட்டு அவர்கள் இரண்டு முறை மனுக் கொடுத்தது எனக்குத் தெரியும். அறிக்கையில் நான் அதை எழுதவில்லை. விஞ்ஞானத்துக்கு அது தேவையில்லையாம். பெரிய படிப்பாளி!

அண்ணன் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அண்ணன் திட்டியிருந்தால் தேவலை.

“நீ என்ன பொய்யா எழுதுன? இல்லையே” என்றார். பிறகு, “ஏன் தம்பி, அந்த மருந்து மீனைக் கொல்லும்னா, நாங்க அதை நாள் முழுக்க முதுகுல சுமக்குறோமே, எங்களை ஒண்ணும் பண்ணாதா?” என்று கேட்டார்.

அதை யாரும் என்னை ஆராயச் சொல்லவில்லை.

அண்ணி சோறு போட்டார். அண்ணன் பிசைந்தார். நகக்கண்ணெல்லாம் செம்பு மருந்தின் நீலம். எத்தனை வருடமாக அப்படி இருக்கிறதோ! நான் மீனின் செவுளைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.