கடற்பாசிச் செய்தியின் கடைசிப் பத்தி

14 ஜூன் 1994, செவ்வாய்

திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் ஒருவன் பழுப்புக் கடற்பாசிப் பொடி விற்றான். புற்றுநோய்க்கு மருந்தாம். போன மாதம் நான் எழுதிய செய்தியை அட்டையில் ஒட்டி வைத்திருந்தான். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைப் பாசியின் சாறு கொன்றது என்பதே செய்தி. மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று ஆபீசில் அதை வெட்டிவிட்டார்கள்.

ஒரு பெண் டப்பாவை எடுத்தாள். "ஊட்டுக்காரருக்குத் தொண்டையில கட்டி. இத்த குட்தா, ஆஸ்பத்திரில கரண்டு வைக்கிறத நிறுத்திடலாமா?"

"தாராளமா நிறுத்துக்கா. பேப்பர்லயே போட்டுகீறான் பாரு."

"கதிர்வீச்சை நிறுத்தாதேம்மா. அதை எழுதினவனே நான்தான். இது மருந்து இல்லை" என்றேன்.

"நீ எய்தினியா? அப்ப நான்தான் கலெக்டரு" என்று அந்த அயோக்கியன் சிரித்தான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பேப்பர்ல பொய்யா போடுவாங்க? அந்தாண்ட போய்யா."

இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு ஆவடி வண்டியில் ஏறிவிட்டாள்.

ஆபீசுக்குப் போய், திருத்தம் போடச் சொல்லிச் செய்தி ஆசிரியரிடம் கத்தினேன். "நாம தப்பா என்னய்யா போட்டோம்?" என்றார். அச்சானதில் ஒரு சொல்லும் தப்பில்லை. நாளை அவள் கணவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகமாட்டாள்.